இருக்கைக் கணக்கைச் சொல்லிவிட்டு டிக்கெட்டை விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய இசை நிகழ்ச்சி எது அறிவிக்கப்பட்டாலும் அதைத் தொடர்ந்து வரும் செய்தி ஒன்றுதான்: சில நிமிடங்களில் டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. எத்தனை டிக்கெட் விற்றுத் தீர்ந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. அரங்கில் எத்தனை பேர் அமரலாம் என்று போடுகிறார்கள். பொதுமக்களுக்கென விற்பனைக்கு வைத்தது எத்தனை என்பதை ஏற்பாட்டாளர் சொல்வதில்லை, டிக்கெட் விற்கும் தளம் சொல்வதில்லை, பத்திரிகைகளும் கேட்பதில்லை. நல்ல இருக்கை நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை என்று ரசிகர்கள் கொதிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு எண்ணை மறைப்பதில் இருந்துதான் கிளைக்கின்றன.

உதாரணத்துக்கு 12,000 பேர் அமரக்கூடிய ஓர் உள்ளரங்கை எடுத்துக்கொள்வோம். மேடையை ஒரு முனையில் போட்டால் அதன் முதுகுப்பக்கத்து இருக்கைகளை விற்க முடியாது. அதில் 2,200 போனால் மிச்சம் 9,800. ஒலிக்கலவை மேசை, விளக்குக் கட்டுப்பாடு, கேமரா நிற்கும் மேடைகள் என்று இன்னொரு 300 கழியும். கலைஞர், அவருடைய குழு, ஏற்பாட்டாளர், அரங்க நிர்வாகம், விளம்பரதாரர் ஆகியோருக்கான ஒதுக்கீடு 1,500. ரசிகர் மன்ற உறுப்பினர், இன்ன வங்கியின் கார்டு வைத்திருப்பவர், இன்ன செல்போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று நடக்கும் முன்விற்பனைகளில் 3,800. இத்தனையும் போக, பொதுவிற்பனை தொடங்கும் காலையில் உண்மையில் கைக்கு எட்டுவது 4,200. ஒருவருக்கு 4 டிக்கெட் வரை அனுமதி என்றால், எல்லாரும் நான்கு எடுக்கும்பட்சத்தில் 1,050 பேரோடு எல்லாம் முடிந்துவிடும். ஆளுக்கு இரண்டு எடுத்தாலும் 2,100 பேர்தான். அந்த நேரத்தில் திரையில் 'உங்களுக்கு முன்னால் 30,000 பேர் காத்திருக்கிறார்கள்' என்று வரும். 4,200 என்ற எண் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் யாரும் அரை நாளைத் தொலைக்க மாட்டார்கள்.

இவை விளக்கத்துக்காகப் போட்ட எண்கள். ஆனால் மிகைப்படுத்தியவை என்று ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் டிக்கெட் தொழிலை விசாரித்து 2016 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்னணி நிகழ்ச்சிகளின் கணக்கை வாங்கிப் பார்த்ததில், சராசரியாக 16 சதவீத டிக்கெட் தொழிலுக்குள் இருப்பவர்களுக்கென நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 38 சதவீதம் முன்விற்பனைக்குப் போயிருந்தது. பொதுமக்களுக்கு என்று வந்தது 46 சதவீதம். ஓர் அரசு அமைப்பு தன் அதிகாரத்தைக் காட்டி ஆவணங்களை வாங்கிய பிறகுதான் இந்த விவரமே வெளியே வந்தது.

ஒதுக்கீடு என்றாலே மோசடி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாத்தியக்காரரின் குடும்பத்துக்கு இடம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் தனி இடம் வேண்டும். மேடை அமைப்பு முழுமையாக முடிவாகும் முன்பே விற்பனை தொடங்கிவிடுவதால், ஒலிபெருக்கிக் கொத்து எங்கே தொங்கும், எந்த இருக்கையை மறைக்கும் என்று தெரியாத பகுதிகளை நிறுத்திவைப்பதும் சரியான நடைமுறைதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிறுத்திவைக்கப்படுபவை பெரும்பாலும் அரங்கின் மிக நல்ல இடங்கள். அவற்றில் எத்தனை திரும்பி வரும், எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று யாருக்கும் சொல்லப்படுவதில்லை. அரங்கில் மேடையை அமைத்து, பார்வைக்கோடுகளைச் சரிபார்த்த பிறகு இந்த இருக்கைகள் சத்தமில்லாமல் விற்பனைக்கு விடப்படுகின்றன. நிகழ்ச்சிக்கு முந்தைய சில நாட்களிலும், சில சமயம் அன்று மதியம்கூட, நடு பிளாக்கில் (இருக்கைப் பகுதியில்) இரண்டு மூன்று இருக்கைகள் திடீரென்று தென்படுவது இதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் அப்போது தளத்தைத் திறந்து பார்த்து, அச்சிட்ட விலையிலேயே வாங்கிவிடுகிறார்கள். விவரம் தெரியாதவர்கள் அதற்குள் பயந்துபோய் மறுவிற்பனைக்காரரிடம் மூன்று மடங்கு கொடுத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் நிகழ்ச்சி என்பதும் இதே ரகம். அரங்கை அடுத்த நாளுக்கும் முன்பதிவு செய்து வைத்துக்கொண்டு, முதல் நாள் டிக்கெட் தீரும்வரை வாய் திறக்காமல் இருப்பது தொழிலில் வழக்கம். ஒரே நாள்தான் என்று நம்பியவர் கிடைத்த மோசமான இருக்கையை அதிக விலைக்கு வாங்கி முடித்த பிறகு, 'ரசிகர்களின் பேராதரவால்' கூடுதல் நாள் அறிவிக்கப்படும். அரங்கில் அந்தத் தேதி ஏற்கெனவே பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்றால், அதை முதல் நாள் விற்பனைக்கு முன்பே சொல்வதுதான் நேர்மை.

விற்பனை நாளன்று என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் தங்கள் மேல் தப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய தளங்களில் இரண்டு கட்டங்கள் உண்டு: முதலில் காத்திருப்பு அறை, பிறகு வரிசை. நேரம் தொடங்கும் முன் வந்தவர்கள் எல்லாரும் காத்திருப்பு அறையில் சேர்க்கப்படுவார்கள். மணி அடித்ததும் அந்த அறையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலான தளங்கள் குலுக்கல் முறையில்தான் வரிசை எண் தருகின்றன. ஒரு மணி நேரம் முன்னால் வந்தவருக்கும் ஐந்து நிமிடம் முன்னால் வந்தவருக்கும் வாய்ப்பு ஒன்றே. மணி அடித்த பிறகு வருபவர்கள் வந்த வரிசைப்படி கடைசியில் ஒட்டிக்கொள்வார்கள். எனவே 10 நிமிடம் முன்னால் போய் உட்கார்ந்தால் போதும். விடியற்காலை எழுந்து காவல் காப்பதில் பயன் இல்லை. ஒரே கணக்கில் ஐந்தாறு டேப் திறந்து வைப்பது, பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்வது, விபிஎன் (இணைய முகவரியை மறைக்கும் சேவை) போட்டு வருவது மூன்றுமே ஆபத்து. தளத்தின் பாதுகாப்பு நிரல் அதை பாட் (ஆள் இல்லாமல் தானாக டிக்கெட் வாங்கும் நிரல்) என்று எடுத்துக்கொண்டு வரிசையிலிருந்து தள்ளிவிடும். அலுவலக வைஃபையில் நூறு பேர் ஒரே ஐபி முகவரியில் இருந்து நுழைந்தாலும் இதே கதிதான். செல்போனின் சொந்த இணைப்பு அதைவிட நல்லது. திரை அணைந்து போகாதபடி செட்டிங்கை மாற்றி வைப்பதும் அவசியம், திரை தூங்கினால் சில தளங்களில் வரிசையும் போய்விடும்.

உள்ளே போன பிறகு பெரும்பாலானோர் இடறி விழுவது பணம் கட்டும் இடத்தில். கூடையில் போட்ட இருக்கை சில நிமிடங்களுக்குத்தான் உங்களுடையது. அதற்குள் கார்டு எண்ணைத் தட்டி, ஓடிபி வந்து, வங்கி ஒப்புதல் தர வேண்டும். கணக்கில் முன்கூட்டியே நுழைந்து கார்டைச் சேமித்து வைக்காதவர், கார்டின் ஒருநாள் வரம்பைப் பார்க்காதவர், ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வைக்காதவர் எல்லாரும் அங்கேதான் இழக்கிறார்கள். வரைபடத்தில் விரலால் தொட்டு இருக்கை தேர்ந்தெடுப்பது இன்னொரு பொறி. திரையில் காலியாகத் தெரிவதை அந்த நொடியில் நூறு பேர் தொட்டிருப்பார்கள், 'வேறொருவர் எடுத்துவிட்டார்' என்று வந்துகொண்டே இருக்கும். முதல் சில நிமிடங்களுக்குத் தளமே தேர்ந்தெடுத்துத் தரும் வசதியைப் பயன்படுத்துவது மேல். வரிசையில் ஒற்றை இருக்கை அநாதையாக மிஞ்சும்படி எடுத்தால் பல தளங்கள் ஏற்காது. அப்போது பக்கத்து இருக்கைக்கு நகர்த்திப் பார்த்தால் போதும். 'தீர்ந்தது' என்று வந்தவுடன் மூடிவிட்டுப் போகவும் கூடாது. பணம் கட்ட முடியாமல் கைவிடப்பட்ட கூடைகள் பத்து, இருபது நிமிடத்தில் திரும்ப வரும்.

இவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் கிடைக்காமல் போவதற்கு நெரிசலின் அளவு ஒரு காரணம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் எராஸ் சுற்றுப்பயணத்துக்கு 2022 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் நடந்த முன்விற்பனையில், கலந்துகொள்ளப் பெயர் பதிவு செய்தவர்கள் 35 லட்சம் பேருக்கு மேல். அதில் சுமார் 15 லட்சம் பேருக்குத்தான் அழைப்பு போனது. ஆனாலும் அன்று டிக்கெட்மாஸ்டர் தளத்தின் மேல் 350 கோடி கோரிக்கைகள் குவிந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அது அதற்கு முந்தைய உச்சத்தைப் போல நான்கு மடங்கு. ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்று, அதன் பிறகு நடக்க வேண்டிய பொதுவிற்பனை ரத்தே ஆனது. அழைப்பு 15 லட்சம் பேருக்கு, கோரிக்கை 350 கோடி. அழைப்பு இல்லாதவர்களும் பாட்களும் சேர்ந்து மோதியதாகத்தான் நிறுவனம் காரணம் சொன்னது.

பாட் என்ற இந்த நிரல்களின் வேகத்தை அறிய மேலே சொன்ன நியூயார்க் அறிக்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2014 டிசம்பரில் யூ2 இசைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றுக்கு, ஒரே தரகர் ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட் வாங்கினார். ஒருவருக்கு 4 என்ற வரம்பு இருக்கும்போதே இது நடந்தது. நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள், வெவ்வேறு கார்டு எண்கள், வாடகைக்கு எடுத்த ஐபி முகவரிகள் இருந்தால் வரம்பு வெறும் அலங்காரம்தான். 2016 டிசம்பரில் அமெரிக்கா இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் முதல் நடவடிக்கை எடுக்கவே 2021 ஜனவரி ஆகிவிட்டது. சட்டம் இருந்தும் யார் எத்தனை வாங்கினார்கள் என்ற பதிவைத் தளங்கள் தாமாக முன்வந்து காட்டவேண்டிய கட்டாயம் இல்லாததால், பிடிபடுபவர்கள் சொற்பம்.

விலைக்கு வருவோம். போஸ்டரில் ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் வேறொரு விலை. சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம், ஆர்டர் கட்டணம் என்று வரிசையாக ஏறும். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் கணக்கிட்டபோது, நேரடி விற்பனையில் இந்தக் கூடுதல் கட்டணங்கள் சராசரியாக டிக்கெட் விலையில் 27 சதவீதம். மறுவிற்பனையில் 31 சதவீதம். இந்தப் பணம் முழுவதும் டிக்கெட் தளத்துக்கே போகிறது என்று நினைப்பது தவறு. அரங்கமும் சில ஒப்பந்தங்களில் ஏற்பாட்டாளரும் அதில் பங்கு வாங்குகிறார்கள். திட்டு வாங்கும் வேலையைத் தளம் ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். 2023 மார்ச்சில் தி க்யூர் இசைக்குழு வேண்டுமென்றே குறைந்த விலை வைத்தபோது, சில டிக்கெட்டுகளில் கட்டணம் டிக்கெட் விலையையே தாண்டிவிட்டது. பாடகர் ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட பிறகு, வாங்கியவர்களுக்கு டிக்கெட் ஒன்றுக்கு 5 அல்லது 10 டாலர் திருப்பித் தரப்பட்டது. கலைஞர் வாய் திறந்தால் நடக்கிறது என்பதற்கு அது சாட்சி. கலைஞர்கள் வாய் திறக்காமல் இருப்பதையும் ரசிகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், விளம்பரத்தில் காட்டும் விலையே கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. கட்டணத்தை அது குறைக்காது. ஆனால் ஏமாற்றத்தைக் குறைக்கும்.

விலை அடுக்கு என்ற தந்திரமும் கணக்கை மறைப்பதால்தான் பலிக்கிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனின் ஓயசிஸ் இசைக்குழுவுடைய மறுகூடல் நிகழ்ச்சிகளுக்கான விற்பனையில் பல மணி நேரம் காத்திருந்தவர்கள், உள்ளே நுழைந்ததும் நின்று பார்க்கும் டிக்கெட்டின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாக இருப்பதைக் கண்டார்கள். கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றியது என்றுதான் எல்லாரும் நம்பினோம். பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் விசாரித்ததில் வேறு விஷயம் தெரிந்தது: ஒரே மாதிரியான நிற்கும் இடத்துக்கு முன்கூட்டியே இரண்டு விலை வைத்து, மலிவானது தீர்ந்ததும் மற்றதை விற்றிருக்கிறார்கள். 'பிளாட்டினம்' என்ற பெயரில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலைக்கு விற்ற சில இருக்கைகளுக்கும் பக்கத்து சாதாரண இருக்கைக்கும் எந்த வசதி வித்தியாசமும் இல்லை. விலை அடுக்கு இருந்தால் 24 மணி நேரம் முன்பே சொல்வதாக டிக்கெட்மாஸ்டர் 2025 செப்டம்பரில் அந்த ஆணையத்திடம் உறுதி கொடுத்தது. அடுக்கு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. மலிவு அடுக்கில் 300 டிக்கெட்டா, 30,000 டிக்கெட்டா என்பதையும் சொன்னால்தான் அந்தத் தகவலால் ரசிகருக்குப் பயன்.

அடுத்து, 'நல்ல இருக்கை' எது என்பதிலேயே ரசிகர்கள் ஏமாற்றப்படுகிறார்கள். விலை அதிகமானது, மேடைக்கு நெருக்கமானது என்பதெல்லாம் நல்ல இருக்கைக்கு உத்தரவாதம் ஆகாது. சமதளத் தரையில் நாற்காலி போட்ட பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு வரிசை சுமார் 90 சென்டிமீட்டர். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் தடுப்புக்கு ஒரு 3 மீட்டர். 30ஆம் வரிசை ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி விழும். அங்கிருந்து பார்த்தால் பாடகரின் முழு உயரமும், நீட்டிய கையில் கட்டைவிரலின் மேற்கணு அளவுதான். 60 மீட்டரில் கட்டைவிரல் நகம். 100 மீட்டரில் சுண்டுவிரல் நகம். அதற்கு மேல் திரையைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

தூரத்தைவிட மோசமானது முன்னால் இருப்பவரின் தலை. அரங்கம் கட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பின்வரிசைக்காரரின் பார்வைக்கோடு முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு மேலே 12 சென்டிமீட்டர் போனால் மறைப்பே இருக்காது; 9 நல்லது; 6 என்பது சகித்துக்கொள்ளும் எல்லை. மேடை 1.8 மீட்டர் உயரம் என்று வைத்தாலும், சமதளத்தில் 30ஆம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடையின் விளிம்பைப் பார்க்க 2 சென்டிமீட்டர்கூடத் தேறாது. பாட்டு தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நிற்கப் போகிறார்கள், கையில் செல்போன் வேறு. அதே தூரத்தில் பக்கவாட்டில் படிப்படியாக உயரும் முதல் அடுக்கில் 5ஆம் வரிசைக்கும் 15ஆம் வரிசைக்கும் இடையில் உட்கார்ந்தால், பல சமயம் குறைந்த விலையில் முழு மேடையும் தெரியும். அந்த அடுக்கின் முதல் இரண்டு வரிசைகளைத் தவிர்ப்பது நல்லது. கைப்பிடிக் கம்பி சரியாகக் கண்மட்டத்தில் வரும், நடப்பவர்கள் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். மேடையின் முன்விளிம்புக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போகும் பக்க இருக்கைகளில் பெரிய திரை தெரியாது, தொங்கும் ஸ்பீக்கர் கொத்து பாடகரை மறைக்கும்.

ஒலி விஷயத்தில் இன்னும் பெரிய பாடம் உண்டு. முதல் சில வரிசைகளில் இருப்பவர்களின் தலைக்கு மேலே பிரதான ஸ்பீக்கர்களின் ஒலி தாண்டிப் போய்விடும். அவர்களுக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைத்த சிறிய ஸ்பீக்கர்களின் குரலும், மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸும், தரையில் வைத்த சப்வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரின்) இடியும்தான். குரல் தெளிவாகக் கேட்காது. ஒலிப்பொறியாளர் தன் மேசையில் என்ன கேட்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். எனவே அந்த மேசைக்குச் சற்று முன்னாலும் இரு பக்கங்களிலும் உள்ள இருக்கைகளில்தான் பாட்டு அவர் நினைத்தபடி கேட்கும். மேசைக்கு நேர் பின்னால் போனால் கூடாரமும் விளக்குக் கம்பங்களும் பார்வையை மறைக்கும். பால்கனிக்குக் கீழே ஆழமாக உள்ள இடங்களையும் தவிர்க்கலாம். பால்கனி தொடங்கும் இடத்திலிருந்து உள்ளே போகும் தூரம், அங்குள்ள திறப்பின் உயரத்தைவிட அதிகமாகப் போகப்போக ஒலி மங்கிக்கொண்டே வரும். திறந்தவெளி மைதானத்தில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், ஆகவே 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாடகரின் உதட்டசைவுக்கும் குரலுக்கும் கிட்டத்தட்ட 0.3 நொடி இடைவெளி. இடையில் நடும் ஸ்பீக்கர் கோபுரங்களுக்கு அந்த அளவு தாமதம் கொடுத்துத்தான் ஒலியை அனுப்புவார்கள். அந்தக் கோபுரம் சரியாக உங்கள் முன்னால் வந்தால் மேடை போயிற்று.

இத்தனையும் ஏற்பாட்டாளரின் வரைபடத்தில் இருக்கிறது. மேசை எங்கே, கோபுரம் எங்கே, ஸ்பீக்கர் எந்த உயரத்தில் தொங்கும், மேடையிலிருந்து கூட்டத்துக்குள் நீளும் நடைமேடை உண்டா என்பதெல்லாம் பெரும்பாலான சுற்றுப்பயணங்களில் விற்பனைக்கு முன்பே தோராயமாகத் தெரியும். நடைமேடை ஒன்று இருந்தாலே பின்வரிசை முன்வரிசை ஆகிவிடும். ஆனால் வாங்குபவருக்குக் காட்டுவது சில வண்ணக் கட்டங்களும் 'மேடை' என்று எழுதிய ஒரு செவ்வகமும் மட்டும். ஒரே வண்ணத்தில், ஒரே விலையில் 5ஆம் வரிசையும் 35ஆம் வரிசையும் கலந்து கிடக்கும். பொருளைக் காட்டாமல் விற்கும் வேறு எந்த வியாபாரத்தையும் நாம் இவ்வளவு பொறுமையாக ஏற்றுக்கொள்வதில்லை.

இந்த இருட்டில்தான் மறுவிற்பனைக்காரர்கள் பிழைக்கிறார்கள். பொதுவிற்பனை தொடங்கும் முன்பே மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட் தென்படுகிறதே, அது எப்படி? பல சமயம் விற்பவரிடம் டிக்கெட்டே இருக்காது. உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு விலை குறைவாகக் கிடைத்தால் வாங்கித் தருவார், கிடைக்காவிட்டால் கடைசி நேரத்தில் கைவிரிப்பார். அடையாளம் எளிது. பிளாக் பெயர் மட்டும் இருந்து வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். பிடிஎஃப் கோப்பாகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ தருகிறேன் என்றால் இன்னும் ஆபத்து. ஒரே பார்கோடை ஐந்து பேருக்கு விற்கலாம், வாசலில் முதலில் காட்டுபவர் மட்டும் உள்ளே போவார். இப்போது பல நிகழ்ச்சிகளில் ஆப்பில் உள்ள பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது செல்லாது. அதிகாரபூர்வ ஆப்பின் வழியாக உங்கள் கணக்குக்கே மாற்றித் தருபவரிடம் மட்டுமே, அதுவும் டிக்கெட் வந்து சேர்ந்த பிறகே பணம் விடுவிக்கப்படும் தளத்தில் மட்டுமே வாங்கலாம்.

மறுவிற்பனையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது என்பவர்கள் சில நாடுகளைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 2019 ஜூன் 14 முதல், மறுவிற்பனை தடைசெய்யப்பட்ட டிக்கெட்டை ஏற்பாட்டாளரின் ஒப்புதல் இல்லாமல் அச்சிட்ட விலைக்கு மேல் தொழிலாக விற்பது குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். அங்கே பெரிய நிகழ்ச்சிகளுக்கு முண்டியடிக்கும் விற்பனைக்குப் பதில் குலுக்கல்தான் வழக்கம். சில நாட்கள் விண்ணப்பம் வாங்கி, பிறகு குலுக்கி, தேர்வானவர் பணம் கட்டுகிறார். சர்வர் விழுவதும் இல்லை, வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியதும் இல்லை. அயர்லாந்து 2021இல் 1,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் குறிப்பிட்ட அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலையைத் தாண்டிய மறுவிற்பனையைத் தடை செய்தது. இத்தாலியில் 2019 ஜூலை முதல் 5,000 பேருக்கு மேல் கொள்ளும் இடங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டில் பெயர் கட்டாயம். சட்டம் இல்லாமலும் செய்யலாம். பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழாவுக்கு 2007 முதல் புகைப்படத்துடன் பதிவு செய்தவருக்குத்தான் டிக்கெட். வர முடியாதவர் விழாக்குழுவிடமே திருப்பித் தர, அது அதே விலைக்கு மறுபடி விற்கப்படும்.

பெயர் அச்சிட்ட டிக்கெட்டால் ஒரு நெருடல் உண்டு. உடம்பு சரியில்லாமல் போனவர் தம்பிக்குக் கொடுக்க முடியாமல் தவிப்பார். ஆகவே பெயர் கட்டாயம் என்றால், அதே விலைக்குத் திருப்பிக்கொடுக்கும் வசதியும் கடைசி நாள்வரை கட்டாயமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து மற்றது இல்லாவிட்டால் அது ரசிகருக்கு இழைக்கும் அநீதி.

'விலையை உயர்த்திவிட்டால் கள்ள மார்க்கெட் தானாக ஒழியும்' என்று பொருளாதாரம் பேசுபவர்கள் உண்டு. தரகருக்குப் போகும் லாபம் கலைஞருக்குப் போகட்டுமே என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் இருப்பு எவ்வளவு என்று ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்த சந்தையில் ஏறும் விலையை, தேவையால் ஏறிய விலை என்று எப்படி நம்புவது? பாதி டிக்கெட்டை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே விட்ட பாதிக்கு வரும் அடிதடியைக் காட்டி விலையை நியாயப்படுத்துவதை ஏற்க முடியாது. காசுள்ளவர்கள் மட்டும் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எந்தப் பாடகரும் விரும்ப மாட்டார் என்பது வேறு.

ஏற்பாட்டாளர்கள் இன்னொன்று சொல்வார்கள்: எண்ணிக்கையை வெளியிட்டால், டிக்கெட் போகாத நிகழ்ச்சியின் மானம் போய்விடும் என்று. தினமும் எவ்வளவு விற்றது என்று யாரும் கேட்கவில்லை. விற்பனை தொடங்கும் முன் எத்தனை வைக்கப்போகிறார்கள் என்பதை மட்டுமே கேட்கிறோம். அது நிகழ்ச்சி ஓடுமா ஓடாதா என்பதைக் காட்டிக்கொடுக்காது.

ஆகவே அரசுகளிடமும், டிக்கெட் தளங்களிடமும், இசைக் கலைஞர்களிடமும் கேட்பது இது. விற்பனைக்கு 48 மணி நேரம் முன்பு ஒரே பக்கத்தில் அந்த நிகழ்ச்சியின் இருக்கைக் கணக்கு வர வேண்டும். மொத்த இருக்கை எத்தனை, மேடை அமைப்பால் கழிந்தது எத்தனை, ஒதுக்கீடு எத்தனை, ஒவ்வொரு முன்விற்பனைக்கும் எத்தனை, பொதுவிற்பனைக்கு எத்தனை, அது எந்தெந்த விலையில், கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பிளாக் வாரியாக இருக்க வேண்டும். கூடவே மேடையும் ஒலிமேசையும் கோபுரங்களும் குறிக்கப்பட்ட வரைபடம் வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. இருக்கை ஒவ்வொன்றும் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது டிக்கெட் அமைப்பில் ஏற்கெனவே குறியீட்டோடு பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு இல்லாமல் அவர்களால் ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது. விண்ணப்பங்கள் இருக்கைகளைப் போலப் பல மடங்கு வரும் என்று தெரிந்த நிகழ்ச்சிகளுக்குக் குலுக்கலே முறை என்று வைத்துவிடலாம். தங்கள் நாளிதழும் டிக்கெட் விற்பனைச் செய்தி போடும்போது, ஏற்பாட்டாளரிடம் பொதுவிற்பனை எண்ணைக் கேட்டு, சொன்னால் அதையும், மறுத்தால் மறுத்தார் என்பதையும் அச்சிட வேண்டுகிறோம்.

நிறுத்திவைத்த இருக்கைகளை மீண்டும் விற்பனைக்கு விடுவதற்கு ஒரு நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு மாலை 6 மணி என்று வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வசதி. முதல் விற்பனையில் பதிவு செய்து கிடைக்காமல் போனவர்களுக்கே அந்த இருக்கைகளை முதலில் காட்ட வேண்டும். பொதுவிற்பனையில் அந்த பிளாக்குக்கு என்ன விலையோ அதே விலைக்குத்தான் விற்க வேண்டும்.

இப்படிக்கு,
இசை ரசிகர்கள் சிலர்